அத்தான் கட்டிய ஐஸ்

என் அத்தான் தயாபரனுக்கு ஐஸில் சறுக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவருடைய வேலையைச் சொன்னவுடன் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி அதுதான். சுவிஸில் டாவோஸிலிருந்து ரயிலில் அரை மணித்தியாலம் கீழே இறங்கினால் ஒரு சின்ன ஊர் வரும். அந்த ஊரில் இருபத்தாறு வருடமாக அவர் ஐஸ்மைஸ்டர், அதாவது ஊரின் சறுக்குத் திடலுக்கு ஐஸ் கட்டுகிறவர். நவம்பர் தொடங்கி மார்ச் வரை, வெறும் தண்ணியை நானூறு மீற்றர் வட்டமாக உறையவைத்து, வழித்து, மெழுகி, வெயிலிடமிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும் காப்பாற்றி வைப்பது அவருடைய உத்தியோகம். அடியில் ஆணி வைத்த றப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கையைப் பின்னால் கட்டி, கோயில் வீதி சுற்றுகிற மாதிரி அதில் நடந்து திரிவார். குடிக்கிற தண்ணியில் ஒரு ஐஸ்கட்டி போட்டுக் கொடுத்தால் பல் கூசுது என்று தள்ளிவைப்பார்.

அவரைப் பற்றி எழுத எனக்கு எல்லா உரிமையும் உண்டு. அவருடைய மனைவி நிரஞ்சினி என் அக்கா. நான் வேணுகா, ஓர்லிகோனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். மச்சாள்காரி பகிடி பண்ணாவிட்டால் வேறு யார் பண்ணுவது? "அத்தான், தண்ணியை வெளியில வைச்சா அது தன்ர பாட்டில உறையும். இதுக்கு ஒரு மைஸ்டர் வேணுமோ?" என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். "வா, வந்து நீ வை பாப்பம்" என்பார். அதோடு கதை முடிந்துவிடும். இந்தப் பெப்ரவரிக்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

1989இல் இந்த நாட்டுக்கு வந்தபோது அவருக்கு இருபத்தொரு வயது. டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினார். குழாய் உறைந்துபோகிற நாட்களில் கழுவின தண்ணியை வாளியில் அள்ளிப் பின்முற்றத்தில் ஊற்றவேண்டும். கொதிதண்ணி ஊற்றின இடம் தெளிவாகவும் இறுக்கமாகவும் உறைவதையும், பச்சைத்தண்ணி ஊற்றின இடம் வெள்ளையாய்ப் பொருக்குத் தட்டிக் கிடப்பதையும் அவர் பார்த்து வைத்தார். ஏழு வருடம் கழித்து, கீழ் ஊர்த் திடலில் உதவிக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனபோது, இதைத் தான் கண்டுபிடித்த பெரிய இரகசியம் போல அங்கிருந்த ஐஸ்மைஸ்டரிடம் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். உலகத்தில் உள்ள அத்தனை ஐஸ்மைஸ்டருக்கும் அது தெரிந்த விசயம். சிரித்து முடித்துவிட்டு, "கோப்பை கழுவுற இடத்தில ஐஸைப் பார்த்துக்கொண்டு நின்ற ஆளை நான் இப்பதான் பார்க்கிறன். நாளைக்கு வேலைக்கு வா" என்றாராம். மூன்று வருடத்தில் அவர் ஓய்வெடுத்துப் போக, திடல் அத்தானின் கைக்கு வந்தது.

அத்தானிடம் அவசரம் கிடையாது. ஒரு விரல் மொத்தத்துக்கு ஒரே தரம் தண்ணி விட்டால் நேரம் மிச்சம், ஆனால் அவர் விடமாட்டார். கடதாசி மொத்தத்துக்கு ஒரு படை விட்டு, அது இறுகும்வரை நின்று, பிறகு அடுத்தது. எந்தப் படை எந்த நாள் விட்டது, அன்றைக்கு எத்தனை பாகை குளிர் என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்பார். ஐஸில் சின்னத் துளை போட்டு, குசினியிலிருந்து கொண்டுவந்த மர அகப்பையின் காம்பை உள்ளே விட்டுத்தான் ஆழம் பார்ப்பார். காம்பில் சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு சுட்டு வைத்திருக்கிறார். கெமைண்டே, அதாவது ஊர்ச்சபை, நல்ல அளவுகோல் வாங்கிக் கொடுத்தது. அது இன்றைக்கும் உறை பிரிக்காமல் கிடக்கிறது.

இந்த ஊருக்குத்தான் இந்த வருடம் பெரிய காரியம் ஒன்று வந்து சேர்ந்தது. ஐஸில் மோட்டார் சைக்கிள் ஓடும் உலக அணிப் போட்டி. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தச் சைக்கிள்களுக்குப் பிரேக் கிடையாது. ரயர் முழுக்க அரை விரல் நீளத்துக்குக் கூரான ஆணிகள். ஓடுகிறவர்கள் இடப்பக்கம் மட்டும்தான் திரும்புவார்கள். திரும்பும்போது கைபிடி ஐஸில் உரசுகிற அளவுக்குச் சரிந்து, முழங்காலில் பழைய ரயர்த் துண்டைக் கட்டி, அதைத் தேய்த்துக்கொண்டு போவார்கள். ஏழு நாடுகள், நாட்டுக்கு இரண்டு ஓட்டக்காரர். ஒவ்வொரு நாடும் மற்ற எல்லா நாட்டோடும் ஒரு தரம் மோதவேண்டும், மொத்தம் இருபத்தொரு ஓட்டம். முதலாவது வந்தால் மூன்று புள்ளி, பிறகு இரண்டு, ஒன்று, கடைசிக்கு ஒன்றுமில்லை. சுவிஸ் அணியில் ஒருவன் அந்த ஊர்ப் பெடியன் ஃப்ளூரின், கூரை வேலை செய்கிறவன், இருபத்தேழு வயது. மோட்டார் சைக்கிள் கழகத் தலைவர் ஹெர் காடுஃப் (ஹெர் என்றால் திரு), இந்தப் போட்டியை ஊருக்குக் கொண்டுவர ஒன்பது வருடம் கடிதம் எழுதிய மனிதர். அத்தானிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: இருபத்தைந்து சென்ரிமீற்றர் ஐஸ்.

இருபத்தைந்தும் ஜனவரியிலேயே வந்துவிட்டது. பிறகு வந்தது வினை.

போட்டிக்கு நாலு நாள் இருக்க, புதன்கிழமை, தெற்கிலிருந்து சூட்டுக் காற்று அடிக்கத் தொடங்கியது. இங்கத்தையவர்கள் அதை ஃபியோன் என்பார்கள். அந்தக் காற்று வந்தால் மனிதருக்குத் தலையிடி, ஐஸுக்கு வயிற்றோட்டம். திடலின் ஒரு வளைவில் மட்டும் மலை நிழல் விழாது, பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை வெயில் நேரே அடிக்கும். மத்தியானம் அத்தான் அந்த வளைவில் நின்றுகொண்டு அக்காவுக்குப் போன் எடுத்தார்.

"நிரஞ்சினி, உங்கட ஹோட்டலில பழைய வெள்ளைச் சீற் எத்தினை கிடக்கும்?"

அக்கா ஹோட்டல் சலவைப் பகுதியில் வேலை. அவளுக்கு விளங்கிவிட்டது. கழித்துவைத்த கட்டில் விரிப்புகள் இருநூறை, எண்ணித் திருப்பித் தருவதாகச் சொல்லி மேலாளரிடம் கேட்டு வாங்கினாள். இன்னும் இரண்டு ஹோட்டல்களில் வேலை செய்கிற எங்கள் தமிழ்ப் பெண்களுக்கும் சொல்லி, அங்கிருந்தும் மூட்டை மூட்டையாக வந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் கட்டில் விரிக்கிறவர்களும் வெளுக்கிறவர்களும் பாதிப்பேர் நம்மவர்கள்தானே. வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாளும் வேலை இடைவேளையில் ஓடிவந்து, வெயில் ஏற முதல் வளைவு முழுக்க வெள்ளை விரித்து, வெயில் போனதும் சுருட்டி எடுத்தார்கள். ஊர்க்காரர்கள் ஜன்னலைத் திறந்து வேடிக்கை பார்த்தார்கள். ஹெர் காடுஃப் முதல் நாள் தலையில் கை வைத்தார். இரண்டாம் நாள் தானும் ஒரு மூலையைப் பிடித்து விரித்தார். ஐஸ் தப்பியது.

ஒரு சீற் மட்டும் தப்பவில்லை. வியாழன் பின்னேரம் காற்று சட்டென்று திரும்பிக் குளிர் இறங்கியதில், ஈரத்தில் கிடந்த ஒரு சீற்றின் விளிம்பு ஐஸோடு பிடித்துக்கொண்டது. இழுத்தால் ஐஸும் பெயர்ந்து வரும். அத்தான் வெளியில் கிடந்த அளவைக் கத்தியால் வெட்டி எடுத்தார். ஒரு முழத் துண்டு உள்ளே நின்றுவிட்டது. அதன் மேல் வழக்கம்போலப் படை படையாகத் தண்ணி விட்டார். சூட்டுக் காற்று அந்த வளைவில் கரைத்த ஆறு சென்ரிமீற்றரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அதற்கு மேல் திரும்பக் கட்டிவிட்டது. யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. அக்கா எண்ணிப் பார்த்து ஒன்று குறையுது என்றபோது, "கிடக்கும், பாப்பம்" என்றாராம். இருபத்தாறு வருடத்தில் அவர் செய்த ஒரே கள்ள வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் சனிக்கிழமையே போய்விட்டேன். ஞாயிறு காலை நாலாயிரம் பேர். வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால், அந்த வெயில் வளைவுக்கு நேரே, எங்கள் ஆட்கள் இருபது முப்பது பேர் சுவிஸ் கொடியோடு நின்றோம். எனக்கு அந்த விளையாட்டில் அதுவரை ஒரு அக்கறையும் இல்லை. முதல் ஓட்டத்திலேயே தொண்டை கட்டிவிட்டது. நாலு சைக்கிள் ஒன்றாக அந்த வளைவுக்குள் பாயும்போது ஐஸ்தூள் எங்கள் முகத்தில் அடிக்கும். நாலு ஓட்டத்துக்கு ஒருக்கால் அத்தான் தன் பெரிய இயந்திரத்தில் ஏறி வந்து கீறலை வழித்து மெழுகிக்கொண்டு போவார். சைக்கிள்களுக்குக் கூச்சல் போட்ட சனம் அதற்கும் கை தட்டியது. அவர் நேரே பார்த்துக்கொண்டே போனார். அக்கா மட்டும் அழுதாள்.

பதினைந்து ஓட்டம் முடிந்தபோது சுவீடன் முதலாவது, ஜேர்மனி இரண்டாவது. மூன்றாவது நாங்கள். ஒஸ்ரியா எங்களுக்கு ஒரேயொரு புள்ளி பின்னால். இருபத்தொராவது, கடைசி ஓட்டம், எங்களுக்கும் ஒஸ்ரியாவுக்கும் நேருக்கு நேர்; இரண்டு பேருக்கும் மிச்சம் இருந்தது அந்த ஒன்றுதான். அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் உலகப் பதக்கம் என்று ஒன்றைக் கையில் தொட்டது கிடையாது. ஹெர் காடுஃப் ஒரு இடத்தில் நிற்கமாட்டாமல் நடந்துகொண்டிருந்தார்.

பதினாறாவது ஓட்டத்தில், எங்களுக்கு முன்னாலேயே, ஒல்லாந்துக்காரன் ஒருவனின் பின் சில்லில் வெள்ளையாய் ஏதோ சுற்றிக்கொண்டு படபடத்தது. அவன் வைக்கோலில் போய்ச் சாய்ந்து, நல்லகாலம், எழும்பி நின்றான். சிவப்பு விளக்கு எரிந்தது. ஆணிகளில் சிக்கியிருந்தது துணி. ஹோட்டலின் நீல நூல் வேலை அதில் தெளிவாகத் தெரிந்தது.

நடுவர் ஒரு பின்லாந்துக்காரி, உயரமான, சிரிப்பே வராத மனுசி. துணியை ஒரு கையில் பிடித்தபடி வளைவுக்கு வந்து குனிந்து பார்த்தாள். ஹெர் காடுஃப் ஓடிவந்தார். அத்தான் தன் கோயில் நடையில் வந்து சேர்ந்தார். எல்லாம் எங்களிலிருந்து பத்தடிக்குள். அவர்கள் ஜேர்மனில் கதைத்தார்கள், நான் அதை என் தமிழில் எழுதுகிறேன்.

"இது என்ன?" என்றாள் நடுவர்.

"கட்டில் விரிப்பு. வெயிலுக்கு விரிச்சது. ஒரு துண்டு உறைஞ்சு போச்சு. நான்தான் மூடினன். என்ர பிழை" என்றார் அத்தான்.

அவள் துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள். பிறகு விதியைச் சொன்னாள். பதினாலு ஓட்டம் தாண்டிவிட்டபடியால், ஐஸ் இனித் தாங்காது என்று ஐஸ்மைஸ்டர் சொன்னால் போட்டி இந்த இடத்தோடு முடியும், இப்போதுள்ள புள்ளியே கடைசிப் புள்ளி. தாங்கும் என்றால் திருத்திக் கொடுக்கவேண்டும். நின்றுபோன இதையும் சேர்த்து மிச்சம் ஆறு ஓட்டமும் ஓடும். துளை போட்டுப் பார்க்கட்டுமா என்று அவளே கேட்டாள். இந்த வெயிலில் போட்டால் அந்தத் துளைதான் முதலில் உடையும் என்றார் அத்தான். "அப்ப உங்கட வார்த்தைதான். தாங்குமோ?"

எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஒரு வார்த்தை. 'தாங்காது' என்று சொன்னால் மூன்றாமிடம் எங்களுக்கு. ஃப்ளூரினுக்குப் பதக்கம், ஊருக்குப் பதக்கம், காடுஃபின் ஒன்பது வருடத்துக்குப் பதக்கம். யாரும் குறை சொல்ல முடியாது, துணி கண்ணுக்கு முன்னால் கிடக்கிறதே. ஹெர் காடுஃப் அத்தானின் முழங்கையைப் பிடித்து, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ, ஹெர் தயாபரன்" என்றார். அவர் எதை யோசிக்கச் சொல்கிறார் என்பது வைக்கோல் கட்டுக்கே தெரிந்திருக்கும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வைக்கோலில் ஏறி நின்று, தமிழில், தொண்டை கிழியக் கத்தினேன்: "அத்தான், முடிஞ்சுதெண்டு சொல்லுங்கோ! உடைஞ்சு போச்செண்டு சொல்லுங்கோ!" நாலாயிரம் பேரில் முப்பது பேருக்குத்தான் அது விளங்கும் என்ற தைரியம் எனக்கு. பக்கத்தில் அக்கா என் ஜக்கெற்றைப் பிடித்து இழுத்தாள். அத்தான் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்னைப் பார்த்தது, ஐஸில் கீறல் விழுந்த இடத்தைப் பார்ப்பதுபோல.

பிறகு நடுவரிடம் திரும்பினார்.

"துணிக்கு மேல ஆறு சென்ரிமீற்றர். அது வளைவு முழுக்கப் போச்சு. துணிக்குக் கீழ பத்தொன்பது. வியாழக்கிழமை நான் அளந்தனான். அது முழுக்க ஜனவரி ஐஸ். ஆறில்லை, அறுபது ஓட்டம் ஓடுங்கோ. எனக்கு இருபது நிமிசம் தாங்கோ."

ஹெர் காடுஃப் கையை எடுத்துவிட்டார்.

அந்த இருபது நிமிடமும் அத்தான் முழங்காலில் நின்றார். உளியால் துணியின் மிச்சத்தைக் கிளறி எடுத்து, குழியில் ஐஸ்தூளை இறுக்கி அடைத்து, அக்கா ஓடிப்போய்க் கொண்டுவந்த கேத்தலிலிருந்து கொதிதண்ணியைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இறுக விட்டு, திரும்பவும் விட்டார். சனம் முணுமுணுத்தது. யாரோ சீட்டியடித்தார்கள். காலையில் கை தட்டிய அதே சனம்தான். எனக்கு அவர்கள் மேல் கோபம் கோபமாக வந்தது, என் மேல் அதைவிடக் கூட.

ஓட்டம் தொடர்ந்தது. வளைவு அசையவில்லை. கடைசி ஓட்டத்தில் ஃப்ளூரின் ஓடிய ஓட்டத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நாலு சுற்றும் அந்த வளைவுக்குள் வேகத்தை ஒரு துளிகூடக் குறைக்காமல் சரிந்து எழும்பினான். ஆனால் ஒஸ்ரியாக்காரன் ஒருவன் அவனுக்கு அரைச் சில்லு முன்னால் கோட்டைத் தாண்டினான். மற்ற ஒஸ்ரியாக்காரன் மூன்றாவது, எங்கள் மற்றப் பெடியன் கடைசி. அவர்களுக்கு நாலு புள்ளி, எங்களுக்கு இரண்டு. ஒரே ஒரு புள்ளியில் நாங்கள் நாலாவது.

ஹெர் காடுஃப் பரிசு மேடையில் எல்லாருக்கும் நன்றி சொன்னார். ஐஸ் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை.

அன்று பின்னேரம் வீட்டில் அக்கா றோல்ஸ் பொரித்தாள். யாரும் சாப்பிடவில்லை. கதவு தட்டிக் கேட்டது. ஃப்ளூரின், ஒரு காலைக் கெந்திக்கொண்டு. வந்து குசினி மேசையில் இருந்தான், ஒரு றோல்ஸை எடுத்துக் கடித்தான், என்னைப் பார்த்து, "நீங்க அங்க நின்று என்ன கத்தினீங்கள்?" என்று கேட்டான்.

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "தாங்காதெண்டு சொல்லச் சொல்லிக் கத்தினன்" என்றேன்.

அவன் சிரித்தான். "நானும் மனசுக்குள்ள அதைத்தான் கத்தினன்." பிறகு அத்தானிடம் திரும்பினான். "கடைசி ஓட்டத்தில அந்த வளைவுக்குள்ள நான் வேகக் கைபிடியைத் தளர்த்தவேயில்லை. இதுக்கு முதல் எந்த நாட்டு ஐஸிலயும் நான் அப்பிடி ஓடினதில்லை. நீங்க பத்தொன்பது எண்டு சொன்னீங்கள்தானே."

அத்தான் இன்னுமொரு றோல்ஸை அவன் பக்கம் தள்ளிவைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் அத்தானின் வார்த்தையை நம்பி ஒருவன் தன் உயிரை அந்த ஐஸில் சரித்து ஓடியிருக்கிறான். பதக்கம் வாங்கியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பெருமை வந்திருக்காது.

அடுத்த நாள் எனக்கு விடுமுறை. காலையில் அத்தானுக்குத் தேத்தண்ணி கொண்டு திடலுக்குப் போனேன். அவர் இயந்திரத்தைக் கழுவிக்கொண்டு நின்றார். வெயில் வளைவில் ஒரு ஆள் தனியே குனிந்து நின்றார். ஹெர் காடுஃப். கையில் துளை போடுகிற கருவி, மற்றக் கையில் பளபளவென்ற உலோக அளவுகோல். அத்தான் அவரைக் கண்டும் காணாதவர் மாதிரிக் கழுவிக்கொண்டிருந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுக்க, "பேசாமல் நில்" என்றார்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று ஐந்து இடத்தில் துளை போட்டு அளந்துவிட்டு, மனிதர் மெதுவாக எங்களிடம் நடந்து வந்தார். தொப்பியைக் கழற்றினார்.

"பத்தொன்பது" என்றார்.

"ஐஞ்சிலயுமோ?"

"நாலில் பத்தொன்பது. ஒன்றில் இருபது." பிறகு, "என்னை மன்னிக்கவேண்டும், ஹெர் தயாபரன். நான் உங்களை நம்பவில்லை" என்றார்.

அத்தான் குழாயை மூடினார். கையைத் துடைத்தார். கேத்தலை எடுத்து, அதில் கொதிதண்ணி நிரப்பி, ஹெர் காடுஃபின் கையில் கொடுத்தார்.

"மத்தியானம் பள்ளிக்கூடப் பிள்ளையள் சறுக்க வருவினம். நீங்க போட்ட ஓட்டை, நீங்களே மூடுங்கோ."

கழகத் தலைவர், கெமைண்டே சபை உறுப்பினர், ஒன்பது வருடம் உலகத்துக்குக் கடிதம் எழுதிய மனிதர், கேத்தலோடு போய் வளைவில் முழங்காலில் இருந்தார். அத்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். முதல் துளையில் மனிதர் அவசரமாக ஊற்றிவிட, அதை வழித்தெடுத்துத் திரும்ப ஊற்ற வைத்தார். நான் தேத்தண்ணி ஆறுவதையும் மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்தும் இறுகி முடியும்வரை அத்தான் அவரை எழும்ப விடவில்லை.